பூதத்தின் பெயர்: பொன்விழா கண்ட விளையாட்டில் ஒரு விதியின் வரலாறு

1977 டிசம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்ற கெட்டி அட்டைப் புத்தகம் வெளிவந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் எதிர்ப்படக்கூடிய உயிரினங்களை அகரவரிசையில் அடுக்கிய அந்தப் புத்தகத்தில், பூதங்களைப் பற்றிய பக்கங்களில், ஒரு விதி ஒதுங்கி நிற்கிறது. பெரும் பூதம் ஒன்றின் பெயரை யாராவது வாய்விட்டுச் சொன்னால், அது பூதத்தின் காதில் விழுந்து, சொன்னவர் பக்கம் அதன் பார்வை திரும்ப வாய்ப்பு உண்டு. 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம் என ஆசிரியர் கேரி கைகாக்ஸ் பரிந்துரைக்கிறார். தற்காப்போ அடக்கும் வழியோ இல்லாமல் சொன்னவரை அந்தப் பூதம் அந்தக் கணமே கொன்றுவிடும். இருபது முகப் பகடையில் ஒரே ஒரு முகம். விதி அவ்வளவுதான்.

சில்லறை விதி என்று இதைக் கடந்து போய்விடலாம். எனக்கு இது அந்தப் புத்தகத்தின் மிக ஆழமான விதி. ரோல்பிளேயிங் என்று உலகம் அழைக்கும் இந்த மேசை ஆட்டத்தில் ஆடுபவர் உண்மையிலேயே செய்யும் காரியம் பேசுவது ஒன்றுதான். ‘வாளை வீசுகிறேன்’ என்பார், கையில் பென்சில்தான் இருக்கும். ‘மதில் ஏறுகிறேன்’ என்பார், நாற்காலியை விட்டு எழமாட்டார். பூதத்தின் பெயரைச் சொல்லும்போது மட்டும் கதைக்குள் இருக்கும் மந்திரவாதியின் வாயும் மேசையில் இருப்பவரின் வாயும் ஒன்றாகிவிடுகின்றன. சொல் வெளியே வந்துவிட்டது. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், ஆடுபவர்கள் பேச்சில் டி.எம்., பகடையை எடுத்துவிட்டார். இந்த ஆட்டத்தின் மந்திரங்களில் பாவனை கலக்காதது பெயர் மந்திரம் ஒன்றே.

அதன் வலிமை விதியிலிருந்து வந்துவிடும். ரகசியம் அப்படி வராது. புத்தகத்தில் அச்சான பெயர், புத்தகம் வாங்கிய எல்லோருக்கும் தெரிந்த பெயர். பெயர்களை அச்சிட்டு விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனம் அந்தப் பெயர்களின் ரகசியத்தை எப்படிக் காக்கும்? 2024இல் பொன்விழா கண்ட இந்த விளையாட்டு அந்தக் கேள்விக்குப் பல விடைகளைக் கண்டது. சிலவற்றைத் தானே தேடிக் கண்டது. சில விடைகள் வக்கீல் நோட்டீஸ் வழியாகவும் கோபமான தாய்மார்களின் கடிதங்கள் வழியாகவும் வந்து சேர்ந்தன.

நிறுவனத்தின் தொடக்கம் மிக எளியது. 1973 அக்டோபரில் கைகாக்ஸும் அவருடைய பால்ய நண்பர் டான் கேயும் கூட்டுச் சேர்ந்து ‘டாக்டிக்கல் ஸ்டடீஸ் ரூல்ஸ்’ என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். டி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்து அதிலிருந்து வந்தது. சிறிது காலத்தில் பிரையன் புளூம் பணத்தோடு வந்து சேர்ந்தார். மினசோட்டாவில் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்த டேவ் ஆர்னசனின் யோசனைகளும் கைகாக்ஸின் விதிகளும் சேர்ந்து 1974 ஜனவரியில் மூன்று சிறு கையேடுகளாகப் பெட்டியில் வந்தன. அச்சிட்டது 1000 பிரதிகள். பெட்டிகளைக் கேயின் வீட்டில் கையாலேயே அடுக்கினார்கள். மறு ஆண்டு ஜனவரியில், நாற்பது வயதுகூட ஆகாத கே மாரடைப்பில் இறந்தார். இந்த விளையாட்டு உலகைச் சுற்றியதை அவர் பார்க்கவில்லை.

அந்த முதல் கையேடுகளில் பூதங்கள் அநேகமாக இல்லை. அவை கூட்டமாக நுழைந்தது 1976இல், கைகாக்ஸும் புளூமும் எழுதிய ‘எல்ட்ரிச் விசர்ட்ரி’ என்ற துணைநூலில். ஆறு வகைப் பூதங்கள் அதில் வந்தன. வகைகளுக்கு எண்கள் மட்டும்: முதலாம் வகை, இரண்டாம் வகை என்று ஆறாம் வகை வரை. எண்களுக்கு மேலே, பெயர் தாங்கிய இரண்டு இளவரசர்கள் இருந்தார்கள். ஒருவர் ஆர்கஸ், மற்றவர் டெமோகோர்கன். கடைநிலைப் பூதத்துக்கு எண், தலைமைப் பூதத்துக்குப் பெயர் என்ற இந்த ஏற்பாடு திட்டமிட்டதோ தற்செயலோ, பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம். பெயர் என்பது அந்தஸ்து. பெயர் உள்ளவனைத்தான் கூப்பிட முடியும், கூப்பிட முடிந்தவனைத்தான் கட்ட முடியும்.

டெமோகோர்கன் என்ற பெயரின் பூர்வீகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ரோமானியக் கவிஞர் ஸ்டாஷியஸ் தம் தீப்ஸ் காவியத்தில், குருட்டு ஞானி டைரீசியஸ் ஆவிகளை அழைக்கும் இடத்தில், பெயர் சொல்லத் தகாத ஒரு பெருந்தெய்வத்தைக் குறிப்பால் உணர்த்திவிட்டு நகர்கிறார். பெயரைச் சொல்லவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு லாக்டான்ஷியஸ் பிளாசிடஸ் என்று வழங்கப்படும் உரைகாரர், அந்தத் தெய்வம் யார் என்று ஓரத்தில் குறிப்பு எழுதினார். படைப்புக் கடவுளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றைப் பிரதி எடுத்தவர்கள் சிதைத்துவிட்டார்கள், அந்தச் சிதைவில் பிறந்ததுதான் டெமோகோர்கன் என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து. பிற்காலத்தில் பொக்காச்சியோ அதை எல்லாத் தெய்வங்களுக்கும் மூதாதையாக்கினார். மில்டன் தம் காவியத்தில் அதன் பெயரையே அஞ்சத்தக்கதாகச் சொன்னார். சொல்லக் கூடாத பெயர் இருந்த வெற்றிடத்தில், எழுத்துப் பிழையாக முளைத்து, இரண்டு மந்தித் தலைகளோடு விஸ்கான்சினில் வந்து இறங்கியது இந்தப் பூதம். 2016இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் தாங்கள் கண்ட அரக்கனுக்கு இதே பெயரை வைத்தார்கள். எதிர்ப்படுவதற்கு ஒரு பெயர் வேண்டும், தெரிந்த பெயர்களிலேயே பெரியது இது என்று அவர்கள் எடுத்துக்கொண்டதில் பிழையில்லை.

பூதத்தின் பெயரை அறிந்தால் அதை ஏவலாம் என்ற நம்பிக்கையை டி.எஸ்.ஆர். கண்டுபிடிக்கவில்லை. எகிப்தியக் கதையில் ஐசிஸ் தேவி, சூரியக் கடவுள் ராவைப் பாம்பு கடிக்கச் செய்து, அவருடைய மறைபெயரைக் கேட்டு வாங்குகிறாள். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில் அசுத்த ஆவியிடம் இயேசு கேட்பது அதன் பெயரைத்தான். லேகியோன் என்று பதில் வருகிறது. நம்மூர்க் கோடங்கியும் பேய் பிடித்தவரை உட்காரவைத்து உடுக்கை அடித்து முதலில் கேட்பது ‘நீ யாரு, எந்த ஊரு’ என்றுதானே. ஐரோப்பாவில் இந்த நம்பிக்கை ஏடுகளாகவே புழங்கியது. 1577இல் யோஹான் வையர் என்ற மருத்துவர் பூதங்களின் பெயர், பதவி, படைபலம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு வெளியிட்டார். சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்த கொடுமையை எதிர்த்த மனிதர் அவர். அந்த மடமையை அம்பலப்படுத்தவே பட்டியலைத் தந்தார். ஆனால் யாரும் அதை வைத்துச் செய்துபார்த்துவிடக் கூடாது என்று சில பகுதிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டதாக முன்னுரையிலேயே எழுதினார். அச்சிடும்போதே மறைக்கவும் வேண்டும் என்று உணர்ந்தவர்களில் அவர் முன்னோடி. ரோல்பிளேயிங் விளையாட்டை எழுதுபவர்கள் அவரைத் தங்கள் குல முதல்வராகவே கொள்ளலாம்.

இனி, இந்தப் பெயர்கள்மேல் வெளியிலிருந்து விழுந்த முதல் அடி. 1974 கையேடுகளிலேயே இருந்த சில பெயர்கள் டால்கினின் கதைகளிலிருந்து நேராக எடுத்தவை: ஹாபிட், என்ட், பால்ராக். எல்ட்ரிச் விசர்ட்ரியின் ஆறாம் வகைப் பூதம், தீயும் சாட்டையுமாக வருவது, பால்ராக்தான். 1977இல் டால்கின் உரிமைகளைக் கவனித்தவர்கள் தரப்பிலிருந்து சட்ட எச்சரிக்கை வந்தது. ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனது, என்ட் ‘ட்ரீயன்ட்’ ஆனது. பால்ராக்கின் பெயர் அடியோடு நீங்கியது. அதே ஆண்டு இறுதியில் வந்த மான்ஸ்டர் மேனுவலில் அந்த இடத்தில் நின்றது வெறும் ‘ஆறாம் வகை’. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பேலோர், முதலியோர். ஒற்றைக் கண்ணால் பார்த்தே படைகளை அழித்த அயர்லாந்துப் புராணத்து அரக்க மன்னனின் பெயர் அது.

அந்த ‘முதலியோர்’ என்ற சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். முதல் மூன்று வகைகளுக்கு இனப்பெயர்கள் உண்டு: வ்ராக், ஹெஸ்ரூ, க்ளாப்ரெஸூ. நான்காம் வகையிலிருந்து ஆறாம் வகை வரை இருப்பவையோ தனித்தனிப் பெயர் கொண்ட ஆட்கள். நால்ஃபெஷ்னி ஒரு பூதத்தின் பெயர், மாரிலித் இன்னொன்றின் பெயர், பேலோர் மற்றொன்றின் பெயர். மற்றவர்களின் பெயர்களைத் தேடித்தான் அறிய வேண்டும். சட்டச் சிக்கலால் ஒரு பெயரை இழந்த இடத்தில், தேடிக் கண்டடைய வேண்டிய பல பெயர்களுக்கு இடம் பிறந்துவிட்டது. பின்னாளில் பேலோரும் மாரிலித்தும் இனப்பெயர்களாக மாறிப் பொதுவழக்கில் கரைந்துபோனார்கள். எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

மான்ஸ்டர் மேனுவல் பெயரோடு நிற்கவில்லை. பெரிய பூதங்கள் தம் உயிர்ச்சாரத்தைத் தாயத்து ஒன்றில் ஒளித்துவைக்கும், அந்தத் தாயத்து யார் கையில் சிக்கியதோ அவருக்குப் பூதம் அடங்கும் என்றும் சொன்னது. பெயர் என்பது நாவில் வைத்துக்கொள்ளும் தாயத்து, தாயத்து என்பது கையில் வைத்துக்கொள்ளும் பெயர். அதில் ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தாயத்தைத் திருடினால் திருட்டுக் கொடுத்தவருக்குத் தெரியும். பெயரைத் திருடினால், அது உச்சரிக்கப்படும் வரை பூதத்துக்கே தெரியாது.

1978இல் வந்த ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ இந்த விதியை ஆடுபவர் கைக்குக் கொடுத்தது. ஏழாம் நிலை மந்திரங்களில் ‘காக்கோடீமன்’ என்று ஒன்று. நான்கு, ஐந்து, ஆறாம் வகைப் பூதங்களில் மந்திரவாதி எந்தப் பூதத்தின் பெயரை அறிந்திருக்கிறாரோ அதை அழைக்கும். அதற்குக் கீழான பூதங்களை ஏன் அழைக்க முடியாது என்பதற்கு அந்த மந்திரக் குறிப்பு சொல்லும் காரணம், அவற்றுக்கு அறியப்பட்ட பெயர்கள் இல்லை என்பது. சின்னப் பூதம் கைக்கு எளிதில் சிக்கும் என்று நாம் நினைப்போம். இங்கே நேர்மாறு. பெயரில்லாத கூலிப் பூதத்துக்குத் தன் பெயரின்மையே கவசம். ஆறாம் நிலையில் ‘ஸ்பிரிட்ராக்’ என்ற மற்றொரு மந்திரம், பாதாள உலகத்து ஆவியை ஏட்டில் எழுதிய வாசகங்களால் வதைத்துப் பணியவைக்கும். அதற்கும் பெயர் தெரிந்தாக வேண்டும்.

இந்த மந்திரங்களின் அழகு, இவற்றைக் கற்றுவிட்டால் போதாது என்பதில் இருக்கிறது. தீப்பந்து வீசும் மந்திரத்தைக் கற்றவர் மறுநாளே வீசலாம். காக்கோடீமனைக் கற்றவரோ பெயர் தெரியும் வரை வாய்மூடி இருக்க வேண்டும். பெயரைத் தேடி நூலகத்துக்கும் கல்லறைக்கும் பைத்தியம் பிடித்த பழைய மந்திரவாதியின் வீட்டுக்கும் போக வேண்டும். விதிநூல் தராத ஒன்றை டி.எம்.தான் தர வேண்டும். 1982இல் கைகாக்ஸ் எழுதிய ‘லாஸ்ட் கேவர்ன்ஸ் ஆஃப் சோகந்த்’ என்ற சாகசத்தில் இக்வில்வ் என்னும் சூனியக்காரியின் ‘டீமனோமிகான்’ ஏடு புதையலாகக் கிடைக்கிறது. தங்கத்தைவிடப் பெயர்களும் அடக்கும் வித்தையும் பெரிய புதையல் என்று ஆடுபவர்களுக்கு உணர்த்திய நூல் அது. 1985இன் ‘அனெர்த்டு ஆர்கானா’வில் ‘ட்ரூநேம்’ என்றே ஒரு மந்திரம் சேர்ந்தது.

அதே 1985 ஜனவரியில் நிறுவனத்தின் ‘டிராகன்’ இதழ் 93இல், ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய உச்சரிப்பு வழிகாட்டி வெளிவந்தது. ஜூய்ப்லெக்ஸ், யீனோகூ போன்ற பெயர்களை ஊருக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கான உதவி. உச்சரிப்பில்தான் வலிமை என்று விதி வைத்தவர்களே உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. நியாயம்தான். ஆனால் நான் டி.எம்.மாக இருந்தால், தவறாகச் சொன்ன பெயருக்கு வேறு ஏதோ ஒன்று வந்து நிற்கட்டும் என்றே விடுவேன்.

இதற்குள் வெளியே புயல் கிளம்பிவிட்டது. 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல்போனபோது, அவர் இந்த ஆட்டத்தால்தான் மறைந்தார் என்ற ஊகம் நாளிதழ்களில் பரவியது. பிறகு அது பொய் என்று தெரிந்தும் அச்சம் அடங்கவில்லை. மகனைத் தற்கொலையில் இழந்த பட்ரீஷியா புல்லிங், 1983இல் இந்த விளையாட்டை எதிர்க்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1984இல் ஜாக் சிக்கின் ‘டார்க் டன்ஜன்ஸ்’ துண்டுப்படக்கதை வந்தது. 1985இல் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைக் கையில் எடுத்தது. பூதங்களின் பெயர்களும் அவற்றை அழைக்கும் மந்திரங்களும் இந்த எதிர்ப்புக்குத் தீனியாயின. தோபித்து நூலில் வரும் அஸ்மோடியஸ் போன்ற பெயர்கள் விளையாட்டுப் புத்தகத்தில் இருந்தது பக்தர்களைக் கலங்கடித்தது.

மகனை இழந்த தாயின் துயரம் உண்மையானது, அதை இங்கே குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரைச் சொன்னால் ஏதோ நடக்கும் என்று மேசையில் பாவித்தவர்களைவிட, அது மெய்யாகவே நடக்கும் என்று எதிர்ப்பாளர்களில் பலர் உறுதியாக நம்பினார்கள். கைகாக்ஸின் 5 விழுக்காட்டை நூறு விழுக்காடாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

1985இல் கைகாக்ஸ் தாம் தொடங்கிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டை இழந்தார். 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பூதங்களும் பிசாசுகளும் அதில் இல்லை. காக்கோடீமனும் ஸ்பிரிட்ராக்கும் இல்லை. 1990 பிப்ரவரியில் டிராகன் 154இல் ஜேம்ஸ் எம். வார்ட் அதற்கான காரணத்தை எழுதினார். தாய்மார்களிடமிருந்து வந்த கோபக் கடிதங்களே காரணம் என்று தலைப்பிலேயே சொன்னார். யார் இந்த வார்ட்? 1980இல் ராபர்ட் குன்ட்ஸுடன் சேர்ந்து ‘டெயிட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ எழுதியவர். லவ்கிராஃப்ட் மரபில் வரும் ஹாஸ்டரின் பெயரை உரக்கச் சொன்னால் அவனோ அவன் ஏவலாட்களோ வந்துவிடக்கூடும் என்று விதி எழுதிய அதே புத்தகம். அந்தப் பகுதியும் பிந்தைய அச்சுகளில் நீக்கப்பட்டது. அங்கே காரணம் மதம் அல்ல, உரிமைச் சிக்கல். பெயர் சொன்னால் ஆபத்து என்று விதி எழுதியவரே, பத்தாண்டு கழித்துப் பெயர்களை எடுத்துவிட்டதற்கும் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

பூதங்கள் அதிக நாள் வெளியே நிற்கவில்லை. 1991இல் புறவுலகங்களைப் பற்றிய தொகுப்பில் திரும்பி வந்தன, வேறு பெயரில். பூதங்கள் ‘டனாரி’, பிசாசுகள் ‘பாட்டேஸு’. வ்ராக் இருந்தது, பேலோர் இருந்தது, அவற்றைச் சேர்த்துக் கூப்பிடும் சொல்தான் மாறியது. இது கோழைத்தனம் என்று அன்று திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. வெளியாருக்கு ஒரு பெயர், உள்ளே இருப்பவருக்கு ஒரு பெயர் என்று தாமே வைத்துக்கொள்வதுதானே பூதங்களின் வழக்கம்? வெளி நெருக்கடியால் வந்த பெயர் மாற்றம் ஆட்டத்துக்குள் இயல்பாகப் பொருந்திவிட்டது. 1994இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்’ அந்தப் பெயர்களை வைத்தே ஒரு முழு அரசியலைக் கட்டியது. 1997இல் மான்டி குக் எழுதிய ‘டெட் காட்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போனது. பழைய இளவரசன் ஆர்கஸைக் கொன்ற கியாரன்சலி என்னும் தேவி அவன் பெயரையே உலகங்களிலிருந்து துடைத்தெறிய முனைகிறாள். அவனோ டெனிப்ரஸ் என்ற வேறு பெயரில் எழுந்து, தெய்வங்களையே கொல்லும் ‘இறுதிச் சொல்’ ஒன்றோடு வருகிறான். பூதம் என்ற சொல்லைத் தவிர்த்துவந்த நிறுவனத்தின் புத்தகத்திலேயே இந்தக் கதை வந்தது.

மற்ற பதிப்பகங்களும் இந்த நிலத்தை உழுதன. ‘ஷேடோரன்’ ஆட்டத்தில் எசமானர் இல்லாத ஆவிக்கு ஓர் உண்மைப் பெயர் உண்டு, அதை ஆவியுலகத்தில் தேடி அறிந்தவர் அந்த ஆவியைக் கட்டலாம். ஆனால் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது 2002இல் வைட் வுல்ஃப் வெளியிட்ட ‘டீமன்: தி ஃபாலன்’. அதில் ஆடுபவரே வீழ்ந்த பூதம். உண்மைப் பெயர் உங்களுடையது. அது வெளியே கசிந்தால் உங்களை யாரும் அழைக்கலாம், கட்டலாம். அதுவரை பெயரைத் தேடி ஓடியவர்கள் இப்போது பெயரைக் காத்துக்கொண்டு பதுங்கினார்கள். தோழர்களிடம் சொல்லலாமா? சொல்லாவிட்டால் ஆபத்தில் அவர்கள் எப்படி உதவுவார்கள்? மேசையைச் சுற்றி உட்கார்ந்த நண்பர்களுக்குள்ளேயே இப்படி நம்பிக்கையைச் சோதித்த விதி இந்த வகை ஆட்டங்களில் அரிது.

1997இல் நொடித்துப்போயிருந்த டி.எஸ்.ஆரை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பூதமும் பிசாசும் தம் பழைய பெயர்களோடு திரும்பின. டனாரி, பாட்டேஸு என்பவை உட்பிரிவுப் பெயர்களாக நின்றன. 2006இல் இரண்டு புத்தகங்கள், ஒன்று வென்றது, ஒன்று தோற்றது.

வென்றது ‘ஃபீண்டிஷ் கோடெக்ஸ்’ முதல் பாகம். அதில் பஸூஸு என்ற காற்றின் பூதத்தை மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தால் அவன் உதவிக்கு வருவான். பழைய மெசபடோமியாவின் உண்மையான நம்பிக்கையில் இருந்த பூதம் அவன். 1973இன் ‘எக்சார்சிஸ்ட்’ திரைப்படம் அவனை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. இங்கே பெயரில் ரகசியமே இல்லை. தன் பெயர் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று விரும்பும் பூதம் இவன், ஏனென்றால் உதவி பெற்றவர் மெல்லத் தீமையின் பக்கம் சாய்வார். பெயர் மறைத்தால்தான் வலிமை என்று மற்றவர் எழுதிக்கொண்டிருந்தபோது, பெயரைத் தூண்டில் முள்ளாக்கியவர்களின் கற்பனையை மெச்ச வேண்டும்.

தோற்றது ‘டோம் ஆஃப் மேஜிக்’ நூலின் ‘ட்ரூநேமர்’. உண்மைப் பெயர்களின் மொழியைப் பேசியே உலகை மாற்றும் வீரர் என்று எழுதப்பட்ட பாத்திரம். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலின் மந்திரவாதிகளை நினைவூட்டும் கனவு அது. 1979இல் கைகாக்ஸ் தமக்கு ஊக்கம் தந்த ஆசிரியர்களைப் பட்டியலிட்டபோது லெ குவினைச் சேர்க்கவில்லை. ஒரு தலைமுறை கழித்தாவது அவருடைய யோசனைக்கு இடம் கிடைத்ததே என்று பலர் மகிழ்ந்தார்கள். கணக்கு அதைக் கொன்றது. ஓர் உயிரின்மேல் சொல் பலிக்கப் பகடையும் திறனும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்: 15உடன் அந்த உயிரின் சவால் மதிப்பைப்போல் இரு மடங்கு. வீரர் ஒரு நிலை உயரும்போது அவர் பயிற்சி ஒன்று கூடும், நிகரான எதிரியின் எண்ணோ இரண்டு கூடும். அறிவுக்கு 4 சேர்த்துக்கொண்டால், முதல் நிலையில் பகடையில் 9 விழுந்தால் போதும். மாயப் பொருள்களோ வேறு கூடுதலோ இல்லாமல் இருபதாம் நிலைக்குப் போனால், 28 விழ வேண்டும். பகடையில் இருப்பது 20 முகங்கள். கற்கக் கற்க வாய் குழறும் மந்திரவாதி!

கணக்கைத் திருத்தியிருந்தாலும் அந்தப் பாத்திரம் முழுதாகத் தேறியிருக்காது என்பது என் எண்ணம். பெயரை ஒரு திறன் சோதனையாக்கிய கணத்திலேயே அது பெயராக இருப்பதை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு சண்டையிலும் பகடை உருட்டிச் சொல்லக்கூடிய பெயரைத் தேடி யாரும் கல்லறைக்குப் போகப் போவதில்லை.

கணினியில் வந்த ஆட்டங்கள் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டன. 1999இன் ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ நாயகனுக்குப் பெயரே இல்லை. யாராவது கேட்கும்போதெல்லாம் ‘அடான்’ என்று அவன் பொய் சொல்லிக்கொண்டே வந்தால், கடைசியில் அடான் என்ற மனிதன் ஒருவன் மெய்யாகவே மதுக்கடையில் வந்து உட்கார்ந்திருப்பான். 2003இல் பயோவேர் தந்த ‘ஹோர்ட்ஸ் ஆஃப் தி அண்டர்டார்க்’கில் பெயர்களை அறிந்தவள் ஒருத்தி உறைபனி நரகத்தில் இருக்கிறாள். விலை கொடுத்தால் மெஃபிஸ்டோஃபிலிஸின் உண்மைப் பெயரையே சொல்வாள். அதை வாங்கியவர் கடைசிப் போரில் வாளை எடுக்காமலே அவனைப் பணியவைக்கலாம். போரைத் தவிர்ப்பதை ஆட்டத்தின் உச்சமாக வைக்கத் துணிந்தார்கள், அது வெற்று முடிவாகத் தோன்றவும் இல்லை.

2014இன் ஐந்தாம் பதிப்பு பழைய விதியைத் தெளிவான உரைநடையில் திரும்ப எழுதியது. ஒவ்வொரு பூதத் தலைவனுக்கும், முதலாம் வகை முதல் ஆறாம் வகை வரையான ஒவ்வொரு பூதத்துக்கும், வழங்கு பெயருக்கு அப்பால் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதைப் பூதம் மறைத்துவைக்கும். வசியப்படுத்தினால் அதன் வாயிலிருந்தே வாங்கலாம், பழஞ்சுவடிகளிலும் கிடைக்கலாம். அந்தப் பெயரால் வரவழைத்த பூதம் முடிந்த கேட்டையெல்லாம் செய்யும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே உண்டு. 1976இல் எண்ணாக மட்டும் இருந்த முதலாம் வகைக்கும் இப்போது பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர்கள் எவை என்று புத்தகம் சொல்லவில்லை. வையர் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள்.

அதே பதிப்பில் ‘கேட்’ என்ற ஒன்பதாம் நிலை மந்திரம், வேற்றுலகில் இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி இழுத்து வரும். புனைபெயர், பட்டம், செல்லப்பெயர் எதுவும் செல்லாது என்று வாசகத்திலேயே உண்டு. 2017இல் ‘சனாதார்ஸ் கைடு’ தந்த பூத அழைப்பு மந்திரம் இன்னும் நுட்பமானது. அழைத்த பூதம் ஒவ்வொரு சுற்றிலும் தன் முறை முடியும்போது பிடியிலிருந்து திமிறிப் பார்க்கும். உண்மைப் பெயரை நீங்கள் சொன்னால் அதன் முயற்சிக்கு இரண்டு பகடை, அவற்றில் குறைந்ததே கணக்கு. பெயர் தெரியாமலும் அழைக்கலாம், ஆனால் பிடி தளரும். எனக்கு இந்த ஏற்பாடு மிகப் பிடிக்கும். பெயரைத் தேடாதவருக்கும் ஆட்டம் உண்டு, தேடியவருக்குப் பலனும் உண்டு. திமிறும் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதால், பக்கத்தில் நிற்பவர் காதிலும் அது விழுந்துகொண்டே இருக்கிறது. பெயரைப் பயன்படுத்துவதே அதைச் செலவழிப்பது என்றாகிறது.

மீதி வேலை டி.எம்.முடையது. நல்ல டி.எம். அகராதியில் தேடிப் பெயர் எடுப்பதில்லை. வாயில் புரளும்படி மூன்று நான்கு அசைகளில் சொந்தமாகக் கட்டுகிறார். ஒரு துண்டை இடிந்த கோயிலின் தூணில் வைக்கிறார். ஒரு துண்டை, அந்தப் பூதத்தை வெறுக்கும் இன்னொரு பூதத்தின் நாவில் வைக்கிறார், விலையோடு. கடைசித் துண்டு கிடைக்கும்போது மேசையில் எல்லோர் முன்னும் படிப்பதில்லை. சிறு சீட்டில் எழுதி, கண்டுபிடித்தவர் கையில் மட்டும் கொடுக்கிறார். சீட்டை வாங்கியவர் அதைத் தோழர்களுக்குக் காட்டுவாரா, பூதத்திடமே பேரம் பேசுவாரா, நேரம் வரும் வரை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பாரா என்பது டி.எம்.முக்கும் அடுத்த அமர்வில்தான் தெரியும்.